தலவாக்கலைச் சந்தியில் ஒரு முற்பகல்

மலைநாட்டுப் புகைவண்டியில் யன்னலோரத்து இருக்கை வாய்த்தவனுக்கு அன்றைய பொழுதில் வேறு பேறு எதுவும் வேண்டுவதில்லை. 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அப்பேறு எமக்கு வாய்த்தது. உடன் வந்தவர் எமது கல்லூரியிற் கணிதம் கற்பிக்கும் நண்பர். தலவாக்கலையில் ஆசிரியராக இருக்கும் எமது பழைய மாணவர் ஒருவர், தமது பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு நடுவராக வரவேண்டுமென்று மூன்று முறை எழுதியிருந்தார். முன்னிரு முறையும் சாக்குச் சொல்லித் தப்பினோம். அச்சாக்குகளுக்குப் பின்னே ஒளிந்திருந்த மெய்யான காரணத்தைச் சற்றுப் பொறுத்துக் கூறுவோம்.

கண்டியிலிருந்து புறப்பட்ட வண்டி நாவலப்பிட்டியில் மூச்சு வாங்கி, ஹட்டனில் ஒரு கூட்டத்தை இறக்கி, மறு கூட்டத்தை ஏற்றிக்கொண்டது. ஹட்டனைக் கடந்ததும் சிங்கமலைச் சுரங்கம். மலைநாட்டுப் புகைவண்டிப் பாதையின் சுரங்கங்களுள் மிக நீண்டது அதுவே. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுப்பும் கூச்சல் எமது இளமைக்காலத்தில் எப்படி இருந்ததோ, இன்றும் அப்படியே இருக்கின்றது. இருள் நீங்கிக் கொட்டகலையையும் தாண்டினால் பள்ளத்தாக்கு திறக்கின்றது. பச்சைக் கம்பளத்தை விரித்தாற்போல என்று எழுதுவது வழக்கம். அருகிலிருந்து பார்த்தவர்க்கு அது கம்பளமன்று, ஒவ்வொரு செடியும் இடுப்பளவில் வெட்டி நிறுத்தப்பட்ட மரம் என்பது தெரியும்.

டெவோன் அருவியும் சென். கிளயர் அருவியும் இப்பக்கத்தின் அணிகலன்கள். 2012 இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியது முதல் ஆற்று நீர் தலவாக்கலையிலே மறிக்கப்பட்டு, சுரங்க வழியாகச் சென்று 150 மெகாவாற் மின்சாரம் ஆக்குகின்றது. அருவியின் அழகு முற்றாய் அழிந்துவிடாதிருக்கப் பகற்பொழுதில் நீர் விடுவதென ஏற்பாடு செய்தனர். நேரங்குறித்து வேலைக்கு வரும் அருவியை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

தலவாக்கலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில், திம்புளைப் பள்ளத்தாக்கில் அமைந்த சிறு நகரம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென். கூம்ஸ் தோட்டம் இதன் அயலிலேதான் உளது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலை நகரின் நடுவே செல்கின்றது. பூண்டுலோயாவுக்குப் போகும் வீதி அதனின்று பிரிகின்றது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் நீர்த்தேக்கம், இடையே புகைவண்டிப் பாதை, வீதி, கடைகள். எஞ்சிய இடத்தில் மனிதர் நடக்க வேண்டும்.

நிலையத்தில் இறங்கிய நண்பர் உடனே வெளியேறாது வண்டியின் தலைப்பக்கம் நடந்தார். வளையமொன்றில் தோற்பையைக் கோத்து, அதனுள் உலோகத் தட்டொன்றை இட்டு, நிலையத்தார் சாரதியிடம் கொடுப்பதைக் காண்பதற்காக. மலைநாட்டுப் பாதை ஒற்றைப் பாதை. அடுத்த நிலையம் வரையுள்ள பாதைக்குரிய தட்டு கையில் இல்லாமல் சாரதி வண்டியை நகர்த்தமாட்டார். ஒரு துண்டுப் பாதைக்கு ஒரு வேளையில் ஒரு தட்டுத்தான் வெளிவரும். "இவ்வளவுதான் சங்கதி. ஓர் இடம், ஒருவருக்கு," என்றார் நண்பர். "வீதியிலே சந்திக்குச் சந்தி இதே கணக்கைத்தான் போடுகிறோம், தட்டு மட்டும் இல்லை."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. எனினும் அச்சொல் எமது நெஞ்சிற் சுருக்கென்று தைத்தது. ஏனெனில் 2013 ஆம் ஆண்டு ஐப்பசியில், இதே தலவாக்கலையில், ஒரு கிளை வீதி பெருவீதியைச் சேரும் வாயிலில், எமது மோட்டார் வண்டி ஓர் அம்மையாரை மோதிற்று. ஓட்டியவர் நாமே.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. கிளை வீதியிலிருந்து இறங்கி இடப்புறம் திரும்ப வேண்டும். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கமாகச் செல்வன. ஆதலின் இடப்புறம் திரும்புகிறவனை நோக்கி வரும் வாகனம் வலப்புறத்திலிருந்தே வரும். வலப்புறம் பார்த்தோம். பஸ் ஒன்று வந்தது, விட்டோம். லொறி ஒன்று வந்தது, அதையும் விட்டோம். பின்னர் ஒரு வெளி கிடைத்தது. சுக்கானைத் திருப்பி வண்டியை நகர்த்தினோம். இடப்பக்கத்திலிருந்து நடந்துவந்து வீதி வாயிலைக் கடக்கத் தொடங்கியிருந்த அம்மையார் எமது வண்டியின் மூக்கில் பட்டு வீழ்ந்தார். வேகம் ஓடுகிறவனின் வேகம்கூட இராது. ஆயினும் வலக்கை ஊன்றி வீழ்ந்தமையால் முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்தது.

மருத்துவமனைக்கு நாமே கொண்டு சென்றோம். நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் செலுத்தினோம். அம்மையார் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். அவ்வாண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்சம்பளம் 450 ரூபா. கை கட்டிலிருந்த நாள்களுக்கான சம்பளத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். கணக்கு அத்துடன் தீர்ந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவாறு அவர் கூறியது இன்றும் காதில் ஒலிக்கின்றது: "நான் உங்க மொகத்தையே பார்த்துக்கிட்டுத்தானுங்க ஐயா வந்தேன். நீங்க அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

குறை கூறும் தொனியன்று அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. அவர் எம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்க்கவில்லை.

கன்றின் கதையை அறியாத தமிழர் இலர். திருவாரூரில் சோழ இளவரசன் தேரூர்ந்து வருகையில், ஒரு பசுங்கன்று துள்ளி வந்து சில்லினுட் புகுந்து மடிந்தது. பெரியபுராணத்தின் தொடக்கத்திலே சேக்கிழார் இதனைப் பாடுகிறார். மகாவம்சமோ இதே கதையை அநுராதபுரத்தில் ஆட்சி புரிந்த எல்லாளன் மேல் ஏற்றி, அவன் மகன் திஸ்ஸ வாவிக்குத் தேரிற் செல்கையில் நேர்ந்ததெனக் கூறுகின்றது. இரு நாட்டினரும் தம்முடையதென உரிமை கொண்டாடும் ஒரு வீதி விபத்து! இளம்பருவத்தில் இக்கதையைப் படித்தபோது அரசனின் நீதியே பெரிதாகத் தெரிந்தது. 2013 க்குப் பின் எமக்குத் தெரிவது வேறொன்று. இளவரசன் கொடியவனல்லன். அவன் காணவில்லை. 'காணவில்லை' என்பதற்காகக் கழுவாய் தேடி விட்டுவிடலாம் என்றே அமைச்சரும் கூறினர். அரசன் ஏற்கவில்லை.

ஏன் காணவில்லை? இதுதான் எமது வினா. கண் இருந்தது, வெளிச்சம் இருந்தது, வேகம் இல்லை, குடியில்லை, கைத்தொலைபேசியும் கையில் இல்லை. இந்த வினாவை மனத்திற் சுமந்துகொண்டே மறுநாள் ஞாயிறு முற்பகலில் நண்பரையும் அழைத்துக்கொண்டு அச்சந்திக்குச் சென்றோம்.

ஞாயிறன்று தோட்டங்களுக்கு விடுமுறை. லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நகருக்கு இறங்கி வருவர். அரிசி, மா, கருவாடு, பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கொப்பி, சுவாமிக்குக் கற்பூரம் என்று வாங்கவேண்டியவை எல்லாம் அந்த ஒரு நாளில் வாங்கியாக வேண்டும். பஸ்களும் லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் அந்நெரிசலுக்குள்ளே தம் வழியை நுழைத்துக்கொள்கின்றன. சந்திக்கு எதிரே ஒரு தேநீர்க்கடை. அதன் வாயிலில் இரண்டு கதிரைகளைப் போட்டுத் தந்தார் முதலாளி. தலவாக்கலையிற் குடிக்கும் தேநீரில் தூள் மட்டமாயிருந்ததென்பது நண்பரின் முறைப்பாடு. நல்ல தூளெல்லாம் கப்பலேறிவிடுகின்றது போலும்.

நாம் வண்டிகளைப் பார்க்கவில்லை. சாரதிகளின் முகங்களையே பார்த்தோம். கிளை வீதியிலிருந்து இடப்புறம் திரும்ப வந்த சாரதிமாரில் மிகப் பெரும்பாலோரின் தலை வலப்புறம் திரும்பியே நின்றது. வண்டி அசையத் தொடங்கிய பின்னரும் தலை அங்கேயே நின்றது. இடப்புறத்திலிருந்து நடந்து வருகிறவர் அவர்களுக்கு இல்லை. எமது பழைய குற்றத்தைக் கண்முன் பலர் மாறி மாறி நடித்துக் காட்டுவதுபோல் இருந்தது. பலமுறை நடந்து செல்வோரே நின்றுவிட்டனர், அதனால் ஒன்றும் நிகழவில்லை.

இக்காட்சி தலவாக்கலைக்கே உரியதன்று. பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில் ஹெய்க்கி சும்மலா என்னும் உளவியல் அறிஞரும் துணைவரும் முச்சந்திகளில் மறைவாகப் படக்கருவி வைத்துச் சாரதிகளின் தலையசைவைப் பதிவு செய்து, 1996 இல் ஆய்வுரை வெளியிட்டனர். அங்கே வண்டிகள் வலப்பக்கமாகச் செல்வன. எனவே எல்லாவற்றையும் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் இடம் மாற்றிக் கொள்க. வலப்புறம் திரும்பும் சாரதி தன்னை மோத வரும் வாகனத்துக்காக இடப்புறமே பார்த்து, வலப்புறத்திலிருந்து வரும் துவிச்சக்கர வண்டிக்காரரைத் தவற விடுகிறான் என்பதே அவர்கள் கண்டது. சாரதியின் கண் சோம்பலுற்றதன்று. நன்கு பழகிய கண் அது. எந்தத் திசையிலிருந்து தனக்கு அபாயம் வருமோ அந்தத் திசையைப் பார்க்கப் பழகியிருக்கின்றது. தன்னால் அபாயம் போகும் திசையைப் பார்க்க அது பழகவில்லை. நடந்து செல்பவர் எவ்வளவு விரைந்து வந்தாலும் வண்டிக்குச் சேதம் விளைக்கமாட்டார் அன்றோ?

தேநீர் குடிக்க வந்த லொறிச் சாரதி ஒருவரிடம் நண்பர் இதனைக் கேட்டே விட்டார். அவர் ஒளிக்காமற் சொன்னார்: "நடக்குறவன் நின்னுக்குவான் சேர். பஸ் நிக்காது." ஹெல்சிங்கி ஆய்வுரையின் சாரம் முழுவதையும் ஐந்தே சொல்லில் அடக்கிவிட்டாரே என்று வியந்தோம்.

வலப்புறம் திரும்புகிறவனின் கதை வேறு. அவன் எதிரே வரும் வரிசையைக் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். எதிர்வரிசையில் இடைவெளி தோன்றும் வரை காத்திருக்கிறான். பின்னால் நிற்பவர் ஒலியெழுப்புகிறார். இடைவெளி கிடைத்ததும் அதனுள் பாய்கிறான். இடப்புறத் திருப்பத்தைவிட இதன் வளைவு அகன்றது, அதனால் வேகமும் கூடியது. கிளை வீதியின் வாயிலைக் கடந்துகொண்டிருப்பவர் அக்கணத்தில்தான் அவனுக்கு எதிர்ப்படுகிறார். மணிக்கு 20 கிலோமீற்றர் என்பது நமக்கு ஊர்தலாகத் தோன்றும். ஆயின் ஒரு வினாடிக்கு ஐந்தரை மீற்றர். கண் கண்டு, மனம் கொண்டு, கால் தடையை மிதிக்க ஒரு வினாடி செல்லுமாயின், கிளை வீதியின் ஒரு பாதி அதற்குள் கடந்து போயிருக்கும்.

இதனோடு ஒரு தூணும் சேர்ந்துகொள்கின்றது. முன் கண்ணாடியின் இருமருங்கிலும் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்களைக் கூறுகிறோம். நம் நாட்டு வண்டியில் சாரதி வலப்பக்கம் அமர்வதால் வலத்தூண் அவன் முகத்துக்கு மிக அண்மையில் நிற்கின்றது. நண்பர் கடைக்காரரின் பற்றுச்சீட்டுப் பின்புறத்தில் கணக்கிட்டார். பத்துச் சதமமீற்றர் அகலத் தூண் முக்கால் மீற்றர் தூரத்தில் இருந்தால், இரு கண்ணாலும் பார்த்தும், பத்து மீற்றருக்கு அப்பால் ஏறத்தாழ அரை மீற்றர் அகலம் மறைந்துவிடும். அரை மீற்றர் என்பது ஓர் ஆள். நாம் நடக்கையில் நிலாவும் கூடவே வருவதாகப் பிள்ளைகள் மகிழ்வார்கள். அதுபோல, வண்டி வளைய வளைய, நடப்பவரும் நடக்க நடக்க, தூணும் அவருடன் கூடவே வருவதுண்டு. அப்போது அவர் ஒரு கணமன்று, திருப்பம் முடியும் வரையுமே மறைந்திருக்கக் கூடும். முன்னாளை மோட்டார் வண்டிகளில் இத்தூண்கள் மெல்லியனவாக இருந்தன. வண்டி உருண்டால் உள்ளிருப்போர் நசுங்காதிருக்கப் பின்னர் தடிப்பாக்கினர். உள்ளிருப்போரின் காப்பு வெளியே நடப்போருக்குத் திரையாயிற்று.

நியூயோர்க் நகரப் போக்குவரத்துத் திணைக்களம் 2016 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. அவர்களுக்கு எதிர்வரிசையை வெட்டும் திருப்பம் இடப்புறத் திருப்பம். நடந்து செல்வோரையும் துவிச்சக்கர வண்டியினரையும் கொன்ற திருப்பங்களைக் கணக்கெடுத்தபோது, இடப்புறத் திருப்பத்தால் மாண்டோர் வலப்புறத் திருப்பத்தால் மாண்டோரைப் போல் இருமடங்கினும் அதிகம் எனக் கண்டனர்.

பத்து மணியளவில் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. அம்மழை எமக்கு ஆசிரியனாயிற்று. நனைந்த வீதியில் நீண்ட பஸ் ஒன்று இடப்புறம் திரும்பிச் சென்றது. முன்சில்லின் தடம் ஒரு வளைவாகவும் பின்சில்லின் தடம் அதற்குள்ளே மற்றொரு வளைவாகவும் ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தன. முன்சில்லு வீதியோரத்தை விட்டு எட்டவே சென்றது. பின்சில்லோ ஓரக்கல்லை உரசிச் சென்றிருந்தது. அந்தக் கல்லின் மேல்தான் சற்றுமுன் ஒரு தாயும் இரு பிள்ளைகளும் நின்றிருந்தனர்.

நண்பர் உற்சாகமானார். பைதகரசின் தேற்றத்தைப் பத்தாம் வகுப்புக்கு இருபதாண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தவர், அது தெருவிற் கிடப்பதைக் கண்டால் சும்மா இருப்பாரா? முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே ஐந்தரை மீற்றர் நீளம், முன்சில்லு செல்லும் வட்டத்தின் ஆரை பத்து மீற்றர் என்று வைத்துக்கொண்டார். வண்டி அவ்வட்டத்தை முழுதாகச் சுற்றுமாயின் பின்சில்லு அதற்குள்ளே ஒன்றரை மீற்றருக்கு மேல் ஒதுங்கிச் செல்லும் என்று விடை வந்தது. சந்தியில் வண்டி முழு வட்டம் சுற்றுவதில்லை, ஆகவே அவ்வளவு ஒதுங்காது. ஆயினும் ஓர் ஆள் நிற்கும் இடத்தைக் கொள்ளையிட அது போதும்.

இங்கேதான் கொடுமை. முன்சில்லு தம்மை விட்டு விலகிப் போனதும், அபாயம் நீங்கிற்று என்று நிற்பவர் எண்ணுகிறார். சில வேளை ஒரு காலை முன்னே எடுத்தும் வைக்கிறார். சாரதியோ அப்போது தனக்கு முன்னுள்ள வீதியைப் பார்க்கிறான். பின்சில்லை எவரும் பார்ப்பதில்லை. திரும்பும் வண்டி மெதுவாகத்தானே செல்கின்றது, மெதுவாகச் செல்வது எப்படிக் கொல்லும் என்று வாசகர் கேட்கலாம். மோதிக் கொல்வதற்கு வேகம் வேண்டும். ஏறிக் கொல்வதற்குப் பாரமே போதும்.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்றே எண்ணுகிறோம். தேர்த்திருவிழாவைப் பாருங்கள். நேர்வீதியில் ஆரவாரமாய் வரும் தேர், மூலைக்கு வந்ததும் நிற்கின்றது. சில்லுக்குக் கட்டை போடுவோர் இருபுறமும் குனிந்து சில்லையே பார்க்கின்றனர். பெரியவர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பின்னே இழுக்கின்றனர். வடம் பிடிப்போரின் கண் முன்னேதான் இருக்கும் என்பதை அறிந்து, சில்லைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஆள் வைத்தார்கள். பஸ்ஸில் அந்த வேலையை நடத்துநர் செய்யலாம். சிலர் செய்கின்றனர். அன்று ஒரு நடத்துநர் மிதிபலகையில் தொங்கியபடி பின்சில்லை நோக்கி, "போகட்டும், போகட்டும்" என்று பலகையைத் தட்டினார். ஆட்கள் விலகிவிட்டனரா என்று பார்த்தாரா, பஸ்ஸின் வர்ணம் உரசாதிருக்கப் பார்த்தாரா என்பது எமக்குத் தெளிவாகவில்லை. எதுவாயினும் பார்த்தாரே, வாழ்க!

நடப்போர் பக்கத்தையும் சொல்லவேண்டும். தலையில் அரிசிச் சாக்கு. கழுத்தைத் திருப்ப முடியாது. சாய்ந்து அடிக்கும் மழைக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்த கறுப்புக் குடை முன்னுள்ள பாதி உலகை மறைக்கின்றது. தோளில் உறங்கும் பிள்ளை. பனி இறங்கிவிட்டாலோ எல்லாமே ஒரு நிறம். நடைபாதை உண்டு, ஆயினும் கடையின் சாமான்கள் பாதியையும் தண்ணீர் தேங்கிய குழி மீதியையும் பிடித்துக்கொண்டால் வீதியில் இறங்காமல் வேறென்ன செய்வது? இத்தகையோரை 'கவனமின்றி வீதியைக் கடந்தார்' என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எளிது.

மலைநாட்டில் வீதி விபத்தென்றால் நினைவுக்கு வருவது பள்ளத்தில் உருண்ட பஸ்தான். 2023 தை 20 இல் நானுஓயா ரதெல்லையில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதுண்டு ஏழு பேர் மாண்டனர். 2025 வைகாசி 11 இல் கொத்மலை கரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடே அழுதது, அழவேண்டியதே. ஆனால் சந்திகளில் ஒருவர் ஒருவராக மடிவோருக்காக நாடு அழுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021 இல் உலக வீதிகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர்.

சந்தியை அடக்கி ஆள மனிதன் நெடுநாளாய் முயன்று வருகிறான். உலகின் முதலாவது வீதிச் சமிக்ஞை விளக்கை 1868 மார்கழியில் இலண்டன் நாடாளுமன்றத்தின் எதிரே நிறுவியவர் ஜே. பி. நைற் என்னும் புகைவண்டிப் பொறியியலாளர். புகைவண்டிக் கைகாட்டியையே வீதிக்குக் கொண்டுவந்தார். எரிவாயுவால் எரிந்த அவ்விளக்கு சில வாரங்களில் வெடித்துக் காவலரைக் காயப்படுத்தியதால் முயற்சி கைவிடப்பட்டது. வரிக்குதிரைக் கோட்டுக் கடவை பிரித்தானியாவில் 1951 இல் வந்தது. நமது மோட்டார் வாகனச் சட்டமும் அதே 1951 ஆம் ஆண்டினதே. கடவையில் நடப்பவர்க்கே முதலுரிமை என்பது அன்றுதொட்டுப் படித்துப் பரீட்சை எழுதும் விதி. பரீட்சையில் அனைவரும் சித்தியெய்துகின்றனர்.

கண்ணைத் திருத்துவது கடினம் என்று உணர்ந்த ஊர்கள் இப்போது சந்தியைத் திருத்துகின்றன. மூலையின் வளைவைச் சுருக்கினால் வண்டி வேகமாய்த் திரும்ப இயலாது. கடவையைச் சந்தியின் விளிம்பிலிருந்து ஒரு மோட்டார் வண்டி நீளம் உள்ளே தள்ளி வரைந்தால், சாரதி திருப்பத்தை முடித்து முகத்தை நேரே வைத்த பின்னரே நடப்பவரைச் சந்திப்பான். சமிக்ஞை விளக்குள்ள இடங்களில் நடப்போருக்குச் சில வினாடி முன்னதாகவே பச்சை காட்டுகிறார்கள். வண்டி அசையுமுன் அவர் வீதி நடுவே தெரியும்படி நின்றுவிடுகிறார். இலண்டனில் 2021 முதல் சாரதியின் கண்ணுக்கு நேரே தெரியும் பரப்புக் குறைந்த பாரலொறிகள் கூடுதற் காப்புக் கருவிகளின்றி நகருள் ஓட முடியாது. எல்லாவற்றிலும் மலிவானது, மூலையில் வண்டி நிறுத்தாதிருப்பது. அமெரிக்காவின் ஹொபோக்கன் என்னும் சிறு நகரம் மூலைகளை இவ்வாறு வெளியாக்குவதை முதன்மையாகக் கொண்டு, 2017 தைக்குப் பின் ஏழாண்டுகளுக்கு மேல் தன் வீதிகளில் ஒருவரும் மாளாமற் பார்த்துக்கொண்டது.

நாம் அமர்ந்திருந்த மூலையிலோ முச்சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னாலிருந்து ஒரு சிறுமி வெளிப்படுவதை, அவள் வீதியில் இறங்கும் வரை எம்மாலேயே காண முடியவில்லை. அந்தச் சாரதிகளும் பிழைக்க வேண்டியவர்களே. ஒரு வண்டி நீளம் தள்ளி நின்றால் பிழைப்புக் கெட்டுவிடுமா என்று ஒருவரிடம் கேட்டோம். "தள்ளி நின்னா அடுத்தவன் வந்து இங்க நிப்பான் சேர்" என்றார். அதுவும் உண்மையே. மூலையில் இரண்டு கற்றூண்களை நட்டுவிட்டால் அவருக்கும் அடுத்தவருக்கும் வழக்கில்லாமற் போகும். தூணின் விலை பெரிதன்று.

நண்பகல் நெருங்கிற்று. எழுந்தோம். அப்போதுதான் எமது பழைய மாணவர் ஓர் அம்மையாரை அழைத்துக்கொண்டு வீதியின் மறுபக்கம் நிற்பதைக் கண்டோம். நாம் முதல்நாள் இரவு அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தோம். ஊர் சிறிது, தோட்டத்தின் பெயரும் நினைவிலிருந்தது. விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டார்.

பதினோராண்டுகள் கழிந்திருந்தும் அம்மையார் எம்மை உடனே அறிந்துகொண்டார். நாமோ அவரை அறிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அவரே சந்தியைக் கடந்து எம்மிடம் வந்தார். வணக்கம் கூறக் கைகளை உயர்த்தியபோது வலக்கை முழுதும் நிமிரவில்லை. கொழுந்து பறிக்க இரண்டு கையும் விரைவாக ஓடவேண்டும். கை கூடிய பின் ஓராண்டு முயன்று பார்த்ததாகவும், நிறை குறையவே நின்றுவிட்டதாகவும், இப்போது மகள் வேலைக்குப் போகையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகவும் கூறினார். நாம் சொல்ல எண்ணிப் பலமுறை மனத்தில் அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. "அம்மா, அன்றைக்கு நான் பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னோம்.

"தெரியுமுங்களே ஐயா," என்றார். "அதான் இப்பல்லாம் மொகத்தப் பார்க்கிறதில்லீங்க. சில்லத்தான் பார்க்கிறது."

புகைவண்டிக்கு நேரமாகிவிட்டது. நிலையத்துக்குச் செல்ல வீதியைக் கடக்க வேண்டும். ஹட்டன் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று திரும்பத் தொடங்கிற்று. அதன் முன்சில்லு எம்மைக் கடந்ததும் நாம் வழக்கம்போல ஒரு காலை எடுத்து வைத்தோம். மணிக்கட்டை ஒரு கை இறுகப் பற்றிற்று. இடக்கை.

"இருங்கய்யா. பின்சில்லு இன்னும் வரல."

நின்றோம். பின்சில்லு ஓரக்கல்லை உரசிக்கொண்டு போயிற்று. அதன்பின் அவர் கையை விட்டார்.